பாதியில் நிற்கும் பொதிகள்: கிளிஞ்சல்மேட்டுக் கள ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருளை, அதாவது ஒரு பொதியை, நிறுவப் போனால் அது ஏன் பாதியில் நிற்கிறது? அறிஞர்கள் இதற்கான விடையைக் கணினிக்குள்ளேயே தேடி வருகிறார்கள். விடை காரைக்கால் கடலோரத்தில் கிடக்கிறது என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. களமும் தரவும்

களம், காரைக்கால் மாவட்டத்து மீனவ ஊரான கிளிஞ்சல்மேடு. சோதனைக்கு எடுத்துக்கொண்டவை, உபுண்டு ஏற்றிய பழைய லேப்டாப் ஒன்றும் அதில் படம் பார்க்க ஆசைப்பட்ட இளைஞர் ஒருவரும். அவர் கேட்டது விஎல்சி. 1996இல் பாரிசுக்கு அருகே மாணவர்கள் தொடங்கிய திட்டத்தில் பிறந்த மென்பொருள் அது. கேட்டவுடன் வரவில்லை. விஎல்சிக்கு ஒரு நிரல் நூலகம் தேவை. அந்த நூலகத்துக்கு இன்னொன்றின் குறிப்பிட்ட பதிப்பு தேவை. கணினியிலோ வேறு பதிப்பு சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று உபுண்டுவின் வேற்றுப் பதிப்புக்கான மென்பொருள் களஞ்சியத்தின் முகவரியைப் பட்டியலில் சேர்த்ததன் பலன் இது. ஊர்க்காரர்கள் வியப்படையவில்லை. டீசல் கிடைத்த நாளில் ஐஸ் இருக்காது, ஐஸ் வந்த நாளில் ஆள் வரமாட்டார், படகு கரையிலேயே கிடக்கும்.

3. கருதுகோள்

இக்கோளாறு கணினிக்கு முந்தியது. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியின் கீழூரில், காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சு இந்தியாவின் 178 பிரதிநிதிகள் வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினர். நவம்பர் 1 அன்று பிரெஞ்சு இந்தியாவின் ஆட்சி கைமாறியது. பொதி இறங்கிவிட்டது, சட்டப்படி நிறுவப்படவில்லை. ஆட்சியைச் சட்டப்படி ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. அதற்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். பாரிசோ, தன் ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவின் விடுதலைச் சிக்கல் தீராமல் அசைவதாயில்லை. 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் வேலை முடிந்தது. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் பொதி மேலாளர் டிபிகேஜி, இடைப்பட்ட அந்நிலையை 'பிரித்தாயிற்று, இன்னும் அமைக்கவில்லை' என்று பதிவு செய்திருக்கும். கிளிஞ்சல்மேட்டின் சார்புப் பட்டியலில் அல்ஜியர்ஸ் நகரம் இருந்ததை அன்று வலை பின்னிக்கொண்டிருந்தவர்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை.

4. துணைச் சான்று

இயன் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தது 1993 ஆகஸ்ட் 16. காரைக்கால் முழுமையாக நிறுவப்பட்ட அதே தேதி. இதைத் தற்செயல் என்போர் ஆய்வு நெறி அறியாதவர்.

5. நீக்கல் பற்றிய குறிப்பு

டெபியனில் நீக்கம் இருவகை. 'ரிமூவ்' என்றால் பொதி போகும், அதன் அமைப்புக் கோப்புகள் தங்கும். 'பர்ஜ்' என்றால் அவையும் போகும். பிரான்சை இங்கே ரிமூவ் மட்டுமே செய்தார்கள் என்பதற்குச் சான்று ஏராளம்: புதுச்சேரி போலீசார் தலையில் இன்றும் பிரெஞ்சுப் பாணிச் சிவப்புத் தொப்பியான கெப்பி, காரைக்காலில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் இங்கிருந்தே பிரான்சின் அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். பர்ஜ் செய்யச் சொல்லி எவரும் மனு கொடுத்ததாகத் தெரியவில்லை.

6. முடிவு

இளைஞர் வேற்றுக் களஞ்சியத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தார். அங்கிருந்து வந்த பதிப்பைக் கழற்றினார். பட்டியலைப் புதுப்பித்து மறுபடி ஆணையிட்டார். விஎல்சி வந்தது. இம்முறை பாரிசில் நாடாளுமன்றம் கூட வேண்டியிருக்கவில்லை. இதை இத்துறையின் முன்னேற்றமாகவே கொள்ளலாம்.