முள்ளியல்: பழைய அம்பாசடரின் ஆயில் பிரஷர் குறித்த ஆய்வு, உரை விளக்கத்துடன்

1. ஆய்வின் தேவை

உத்தரபாராவில் 1950களின் இறுதியில் பிறந்து, 2014இல் தயாரிப்பு நின்றுபோன அம்பாசடரைப் பற்றி நினைவுக் கட்டுரைகள் மலிந்துவிட்டன. அமைச்சர்கள் அதில் ஏறியதும் இறங்கியதும் ஆவணமாகியுள்ளன. ஆனால் அதன் டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் காலையில் ஏன் விறைத்து நிற்கிறது, மத்தியானம் சிக்னலில் ஏன் படுத்துக்கொள்கிறது என்பதை முறையாக ஆராய்ந்தார் இலர். இந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. (இடைவெளி உண்டென நிறுவுவது ஆய்வின் முற்பாதி, அதை நிரப்பாமல் பட்டம் பெறுவது பிற்பாதி என்பது நெறியாளர் வழக்கு.)

சொற்பிறப்பு ஆய்வு இங்கே தவிர்க்கப்படுகிறது. அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உள்ளன.

2. முன்னோர் ஆய்வு

1883இல் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்னும் பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளுக்கு எண்ணெய் விடும் முறைகளைச் சோதித்தார். பேரிங்கின் தலையில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கையைத் தள்ளியது. மர முளை அடித்தார், அதையும் தள்ளியது. கடைசியில் பிரஷர் மீட்டரைப் பொருத்தினார். 200 பவுண்டு வரை காட்டும் மீட்டரில் முள் எல்லையைத் தாண்டிற்று. பேரிங்கின் மேல் இருந்த சராசரிச் சுமையோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதி விளக்கினார்.

டவருக்குக் கிடைத்ததே அசாதாரண ரீடிங் என்பது நம் துறைக்குப் பெருமை. ஆனால் அவர் மீட்டரின் கண்ணாடியை ஒருமுறைகூடத் தட்டிப் பார்த்ததாகக் குறிப்பில்லை. அக்கால ஆய்வு முறையியலின் போதாமை இது என்க.

3. நூற்பாவும் உரையும்

முள்ளின் இயல்பு மூவகைப் படுமே
தாழ்தல் உயர்தல் தடுமா றுதலென
அசையா திருத்தலும் அதன்பால் அடக்குப
ஒயரறுந் தலைந்த ஓட்டுநர் தாமே.

உயர்தல்: ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருந்தால் முள் ஏறும், இயல்பு. சூடான பின்னும் இறங்காவிட்டால் ரிலீஃப் வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம்.

தடுமாறுதல்: திருப்பத்திலும் பிரேக்கிலும் முள் விழுந்தெழுந்தால் ஆயில் குறைவு. டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்க.

அசையாமை: ஒயர்.

தாழ்தல்: இதற்குத்தான் உரைகள் பல. பம்ப் ஆயிலை ஓட்டுகிறது, அவ்வளவே. அந்த ஓட்டத்துக்குப் பேரிங் இடுக்குகள் தரும் தடையே பிரஷர். பேரிங் தேய்ந்து இடுக்கு அகன்றால் ஆயில் எளிதாக நழுவும், முள் இறங்கும். சூடேறி ஆயில் இளகி, ஐடிலில் பம்பும் மெதுவாகச் சுற்றும்போது இது வெட்டவெளிச்சமாகும். “சூட்டில், ஐடிலில் மட்டும் இறங்கினா பேரிங்கைப் பாரு. எல்லா வேகத்துலயும் இறங்கினா பம்ப், ஸ்ட்ரெய்னர், வால்வு மூணையும் பாரு” என்பது பழைய உரை (வாய்மொழி: மேஸ்திரி, வண்டிக்கு அடியிலிருந்து, ஆய்வாளருக்குக் கால்கள் மட்டும் காணக் கிடைத்தன).

ஆயிலில் பெட்ரோல் கலந்தாலும் முள் தாழும். பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்தால் அப்படி ஆகும். டிப் ஸ்டிக்கை முகர்ந்தால் போதும். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு என்பது பட்டறைக் கணக்கு. அம்பாசடருக்கு எஞ்சின் தந்த பி.எம்.சி. ‘பி’ வரிசையின் கையேட்டு வழக்கோ ஐடிலில் 10 முதல் 25 பவுண்டு இருந்தாலே போதும் என்கிறது (காண்க: பட்டறைச் சுவரிலுள்ள காலண்டரின் பின்பக்கம், ஆடி மாதத் தாள், கறைக்கு இடப்புறம். கறைக்குள் இருக்கும் பாடம் சிதைவு. கறை கிரீஸ் என்பார் ஒரு சாரார், சால்னா என்பார் மறு சாரார், பின்னவர் கருத்துக்கு ஆதாரமாக அதே தாளில் ஒட்டியிருந்த பரோட்டாத் துணுக்கு எலியால் அழிக்கப்பட்டதாகச் செவிவழிச் செய்தி).

4. தட்டியல்

முள் தாழ்ந்ததும் ஓட்டுநர் முதலில் செய்வது எஞ்சினை அணைப்பதன்று, கண்ணாடியைத் தட்டுவது. இதில் மூன்று மரபுகள் உண்டு. ஆள்காட்டி விரல் மரபு மென்மையானது. வண்டியைச் சொந்தக் காசில் வாங்கியோர் இதைப் பின்பற்றுவர். மடக்கிய விரல் மரபு, கதவைத் தட்டுவதுபோல் இருமுறை தட்டி உள்ளிருந்து பதிலுக்குக் காத்திருக்கும். உள்ளங்கை மரபு சம்பள டிரைவர்களுடையது. இதில் முள்ளோடு கடிகாரமும் சேர்ந்து ஓடத் தொடங்கிய நிகழ்வுகள் உண்டென்பர்.

தட்டுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. குழாய் வழியே ஆயிலே மேலேறி வரும் பழைய மீட்டருக்குள் வளைந்த குழாய் ஒன்று இருக்கிறது. 1849இல் பிரெஞ்சுக்காரர் யூஜின் பூர்தோன் காப்புரிமை பெற்ற அமைப்பு. பிரஷர் ஏறினால் வளைவு நிமிரப் பார்க்கும், முள் நகரும். அழுக்கேறிய முள் எங்காவது ஒட்டிக்கொண்டால் தட்டு அதை விடுவிக்கும். ஒருமுறை பலித்த இந்த வைத்தியம்தான் ஒரு துறையாக வளர்ந்தது.

தட்டுக்கு முந்திய ரீடிங், பிந்திய ரீடிங் இரண்டில் எது மூலபாடம் என்னும் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. முந்தியதை ஓட்டுநர் தவிர யாரும் பார்த்ததில்லை. ஆகவே அது மிகத் தொன்மையானது என்று நிறுவப்பட்டுவிட்டது (விரிவுக்கு: டீக்கடை அமர்வு, இரண்டாம் டம்ளர் வரை, மூன்றாம் டம்ளரில் மேஸ்திரி அளித்த மறுப்பு, மறுப்புக்கு வெல்டிங்காரர் எழுதிய மறுப்பு, சிகரெட் அட்டையின் உட்புறம், பென்சிலால், அவ்வட்டை தற்போது ஆடும் பெஞ்சுக் காலின் கீழ் பாதுகாக்கப்படுகிறது, முன் அனுமதியுடன் பார்வையிடலாம், பெஞ்சில் ஆள் இல்லாதபோது).

முள் பூஜ்யத்தில் கிடக்க எஞ்சினும் டக்டக்கென்று அடித்தால் மூன்று மரபும் பொருந்தா. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்குக.

5. இடைச்செருகல்

ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரைச் செருகினால் வேகத்தில் முள் ஏறிக் காட்டும். வண்டியை விற்பதற்கு முந்தைய வாரம் இம்முறை சிறப்பாகக் கையாளப்படுகிறது. ஆனால் சூட்டில், ஐடிலில் அந்த வால்வு எப்படியும் மூடித்தான் இருக்கும். வாஷர் அங்கே ஒன்றும் செய்யாது. தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே கிடக்கும். தன் பழைய கட்டுரைகளையே மேற்கோள் பட்டியலில் செருகி மதிப்பெண் ஏற்றிக்கொள்ளும் அறிஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

6. முடிவும் பரிந்துரையும்

முள் சொல்வது மெய்யா என்றறிய ஒரு வழி உண்டு. ஒயர்வழி முள்ளை ஆட்டும் வண்டியானால், எஞ்சின் பிளாக்கிலிருந்து பிரஷரை ஒயருக்குச் சொல்லும் சென்டர் யூனிட்டைக் கழற்றி, அந்தத் துளையில் நம்பகமான மெக்கானிக்கல் மீட்டரைத் திருகி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலிலும் ரேஸ் கொடுத்தும் பார்க்க வேண்டும். மீட்டர் சரியாகக் காட்டினால் பழுது சென்டரிலோ ஒயரிலோ டேஷ்போர்டிலோ. எஞ்சினை இறக்க வேண்டாம். காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் தீர்ந்துவிடும் வேலை.

ஆயினும் இதை இவ்வாய்வு பரிந்துரைக்கவில்லை. மூலச்சுவடியைத் திறந்து பார்த்துவிட்டால் பாடபேதப் பதிப்புகளின் கதி என்னவாகுமோ, அதுவே முள்ளியலுக்கும் நேரும். அடுத்த கட்டமாக டெம்பரேச்சர் முள் குறித்த ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று நிதி வேண்டி அனுப்பப்பட்டுள்ளது. அதில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பதற்கு எந்த ஒதுக்கீடும் கேட்கப்படவில்லை.