நான் மாத்தளைக்காரன்

ஏ-9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. சுமார் 320 கிலோமீற்றர். பஸ்ஸில் ஏறினால் ஓர் இரவுப் பயணம். நான் நாலு நாளாகியும் மாத்தளை மாவட்டத்தைத் தாண்டவில்லை. அதுவும் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பூட்டிய வேனில்.

வேன் மச்சானுடையது. பழைய டொல்பின். பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டு, மேசையாகவும் கட்டிலாகவும் மாறும் ஒரு பலகையைப் போட்டிருந்தான். மனைவிக்குத் தாய்வீடு யாழ்ப்பாணம். “பேசாமல் பஸ்ஸிலை போவமே” என்றாள். நான் எல்கடுவைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். “மாத்தளைக்காரனுக்கு மாத்தளையில் வழி காட்ட வேண்டுமா?” என்றேன். அந்த ஒரு வசனத்துக்கு நாலு நாளும் வட்டி கட்டினேன்.

முத்துமாரியம்மன் கோயில் வாசலில் நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தோம். மூன்று நசிந்தது. நாலாவது உருண்டு கானுக்குள் போனது. மனைவி கவனித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால்தான் எனக்குப் பயம்.

நேரே வடக்கே போயிருக்கலாம். “ரத்தோட்டையால் ஏறி றிவர்ஸ்டனை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம்” என்று திருப்பினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சமையல் தட்டு ஒருமுறை திறந்து மூடியது. மேலே போய்ச் சேர்ந்தபோது பருப்பு, மிளகாய்த்தூள், உப்பு, சீனி நாலும் சாதி மத பேதமின்றிக் கலந்திருந்தன. காற்றோ ஆளைத் தூக்கியது. ஒரு பெட்டி நெருப்புக்குச்சி தீர்ந்தும் அடுப்பு பற்றவில்லை. பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டோம்.

மகளின் காலில் அட்டை. தோட்டத்துப் பிள்ளையான எனக்குத் தெரியாத அட்டையா? உப்பைத் தேய்த்தால் விழுந்துவிடும் என்று, கிடைத்ததை அள்ளித் தேய்த்தேன். அட்டை விழுந்தது. மகள் போட்ட சத்தத்தில்தான் அது மிளகாய்த்தூள் கலந்த உப்பு என்பது நினைவுக்கு வந்தது.

ஆனால் அந்த இரவை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு தேத்தண்ணிக் கடை முற்றத்தில் கேட்டு நிறுத்தியிருந்தோம். மூடுபனி வந்து கண்ணாடியை மூடியது. காற்று வேனைத் தொட்டில் மாதிரி ஆட்டியது. மூவரும் ஒரே போர்வைக்குள் படுத்து, மனைவி சொன்ன பழைய பேய்க்கதைகளைக் கேட்டோம். விடிய பிட்டவல பத்தனைப் புல்வெளியில் பனி மெல்ல விலகியபோது, மகள் போனைத் தேடவே இல்லை.

மறுநாள் மறுபடி ஏ-9. வழியில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம். வெளிநாட்டுக்காரர்தான் அங்கே ஏமாறுவார்கள் என்று சின்ன வயதிலிருந்தே சிரித்து வந்தவன் நான். “நான் மாத்தளைக்காரன்” என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே போனேன். “அப்படியென்றால் உங்களுக்கு விசேட விலை” என்றார் அங்கிருந்தவர். முடி வளரும் எண்ணெய் இரண்டு போத்தலோடு வெளியே வந்தேன். என் தலையைப் பார்த்தவர்களுக்கு மேலும் விவரம் தேவையில்லை.

நாலந்தாவில் கெடிகேயைப் பார்த்தோம். பல்லவர் பாணியில் கட்டிய கற்கோயில். போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடும் என்று அதைப் பிரித்தெடுத்து, 1980இல் அணைக்கட்டின் மேல் திரும்ப எழுப்பினார்கள். அன்று இரவு கட்டில் மேசையாகவும் இல்லாமல் கட்டிலாகவும் இல்லாமல் நடுவில் இறுகி நின்றது. மனைவி அப்போதுதான் வாய் திறந்தாள். “ஒரு கோயிலையே கல்லுக் கல்லாக் கழட்டிப் பூட்டியிருக்கிறாங்கள். உங்களுக்கு ஒரு கட்டிலைப் பூட்டத் தெரியேல்லை.”

மூன்றாம் நாள் பின்னேரம் தம்புள்ளை. ஆளில்லாத ஒரு பெரிய வெளியைக் கண்டு, “இதைவிட அமைதியான இடம் கிடைக்காது” என்று நிறுத்தினேன். அது பொருளாதார மத்திய நிலையத்தின் பக்கத்து வெளி. நாட்டு மரக்கறியில் பாதி இரவில்தான் கைமாறுகிறதோ என்று தோன்றுமளவுக்கு லொறிகள் வந்தன. நடுச்சாமத்தில் எங்களுக்கு முன்னால் பூசணி, பின்னால் கோவா. வேனை எடுக்க முடியாது. எடுக்கலாம் என்றாலும் பற்றறி செத்திருந்தது. உள்விளக்கை அணைக்க மறந்தவன் யார் என்று எவரும் கேட்கவில்லை.

தூங்காமல் இருந்தபோது அப்பாயி சொன்ன கதையை மகளுக்குச் சொன்னேன். மன்னாரில் இறங்கி, இந்தத் தம்புள்ளை வழியாகக் காட்டுக்குள் நடந்து, கோப்பித் தோட்டத்துக்காக மாத்தளை வந்த நம்மவர்களின் கதை. வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அதை நினைத்து 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை நடந்தார்கள்; 250 கிலோமீற்றர் அளவு. மகள் விரல் விட்டு எண்ணினாள். “16 நாள். நாளுக்கு 15 கிலோமீற்றருக்கு மேல். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு 45. நாங்கள் மூன்று நாள்.” கொஞ்சம் நிறுத்தி, “அப்பா, அவர்கள் நடந்து வந்தவர்கள்” என்றாள்.

விடிந்ததும் நாலு நாட்டாமைமார் வேனைத் தள்ளினார்கள். அதில் ஒரு பொடியன், “எங்கருந்து வாறீங்க ஐயா?” என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொழும்பு என்றேன்.

இஞ்சின் உயிர் பெறவில்லை. கராஜ்காரர் நாளைக்குத்தான் வருவார் என்றார்கள். மனைவியும் மகளும் பையைத் தூக்கிக்கொண்டு வீதிக்குப் போனார்கள். யாழ்ப்பாணம் பஸ் வந்து நின்றது. “சாப்பிட்டிட்டுப் படுங்கோ” என்று சொல்லிவிட்டு மனைவி ஏறினாள்.

அன்று இரவு மழை. தகரக் கூரையில் அது விழும் சத்தம் லயத்துக் காம்பராவில் கேட்ட அதே சத்தம். கட்டில் தானாகவே இறங்கி மட்டமானது. குறுக்காகக் கால் நீட்டிப் படுத்தேன். பத்துப் பதினைந்து வருஷமாக அப்படி ஒரு தூக்கம் தூங்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து போன் வந்தபோது, “கண்ணே மூடவில்லை” என்றேன்.