‘அப்டேட்’ என்னும் முல்லைத் திணை: ஒரு முன்னாய்வு

தமிழ்நாட்டில் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் செல்போனை எடுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மறுபடி சட்டைப் பையில் போட்டால், அவன் காத்திருப்பது படத்துக்கா வேலைக்கா என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது. பிதுக்கல் ஒன்றுதான். அந்தப் பிதுக்கலை ஆராய்ந்து, இரண்டு காத்திருப்பும் இலக்கணப்படி ஒரே திணை என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது என் அக்கா மகனை. பி.இ. மெக்கானிக்கல், அஜித் ரசிகர், குரூப் 4 தேர்வர். இனி ‘அன்னார்’ எனப்படுவார். மாதிரியின் எண்ணிக்கை ஒன்று. ஒன்று போதுமா என்று கேட்பவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் தெரு டீக்கடைக்கு வரலாம். மீதி மாதிரிகள் அங்கே நிற்கின்றன.

முதலில் களம். அன்னாரின் மேசையில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடப் புத்தகங்கள். அவர் படித்த காலத்துப் புத்தகங்கள் அல்ல, பாடத்திட்டம் மாறிய பிறகு வந்தவை. அக்கா பழைய வழக்கத்தில் எல்லாவற்றுக்கும் பிரவுன் அட்டை போட்டு லேபிளும் ஒட்டிவிட்டாள். லேபிளில் வகுப்பு ‘6’. பெயருக்குப் பின்னால் ‘பி.இ.’ கண்ணாடிக்கு அடியில் தேர்வாணையத்தின் ஆண்டு அட்டவணை, பக்கத்தில் ‘வலிமை’ டிக்கெட்டின் பாதி. சுவரில் அஜித், நரைத்த தலையோடு. அன்னாருக்கும் காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது என்பதை ஆய்வு நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

இனி ‘அப்டேட்’ என்ற சொல்லின் வரலாறு. ‘வலிமை’ படத்துக்கு 2019 அக்டோபரில் பூஜை போட்டார்கள். பிறகு கொரோனா வந்தது, படப்பிடிப்பு நின்றது, சேதி எதுவும் வரவில்லை. ஃபர்ஸ்ட் லுக் வெளிவந்தது 2021 ஜூலையில். நடுவிலிருந்த இருபது மாதங்களில் ரசிகர்கள் கண்ணில் பட்டவரிடமெல்லாம் ‘வலிமை அப்டேட்’ கேட்டார்கள். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் நடந்தபோது, எல்லைக்கோட்டருகே ஃபீல்டிங் நின்ற மொயீன் அலியிடமே கேட்டுவிட்டார்கள். அந்த மனிதர், வலிமை என்றால் என்ன என்று அஸ்வினிடம் போய் விசாரித்திருக்கிறார். இத்தனைக்கும் அஜித் தன் ரசிகர் மன்றங்களை 2011லேயே கலைத்தவர். தலைவர், செயலாளர், சந்தா, கிளை எதுவும் கிடையாது. ஆனாலும் சேப்பாக்கம் வரை கேள்வி ஒரே சொற்களில் போயிருக்கிறது. அமைப்பியல் அறிஞர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

அதே மாதம் அஜித் ஓர் அறிக்கை விட்டார். உரிய நேரத்தில் அறிவிப்பு வரும், அதுவரை பொறுமையாக இருங்கள், பொது இடத்தில் கண்ணியம் காத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு சினிமா பொழுதுபோக்கு, எனக்கு அது தொழில் என்பது சாரம். இதில் கடைசிப் பகுதியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவும், பின்னால் பயன்படும்.

படம் 2022 பிப்ரவரி 24 அன்று வந்தது. அன்னார் முதல் காட்சி பார்த்தார். அத்தனை மாதம் காத்திருந்து பார்த்த படத்தின் கதை என்ன? வேலை கிடைக்காத இளைஞர்கள் பைக் கும்பலில் சேர்ந்து கெட்டுப்போவது. அதில் நாயகனின் சொந்தத் தம்பியே ஒரு வேலையில்லாப் பட்டதாரி. இடைவேளையில் அன்னார் பாப்கார்ன் வாங்கவில்லை என்று உடன் போனவர் சாட்சியம்.

அடுத்த காத்திருப்பு உடனே தொடங்கியது. 2022 ஜூலை 24, குரூப் 4. அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். எழுதியவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். 18 லட்சம் விடைத்தாளைத் திருத்துவது லேசான காரியம் இல்லை, அதைக் குறை சொல்ல இந்த ஆய்வுக்கு நோக்கமும் இல்லை. முடிவு வந்தது 2023 மார்ச் 24. அதற்குச் சற்று முன்பு தேர்வர்கள் ட்விட்டரில் ‘ரிசல்ட் எங்கே’ என்று ஹேஷ்டேக் போட்டு டிரெண்ட் செய்தார்கள். வடிவேலு படம் வைத்த மீம், நிமிடத்துக்கு நிமிடம் பதிவு எல்லாம் பழகிய கையின் வேலை. ‘வலிமை’யில் எடுத்த பயிற்சி வீண்போகவில்லை.

படம், தேர்வு, முடிவு மூன்றும் 24ஆம் தேதி. இதில் ஏதோ இருக்கிறது என்கிறார் அன்னார். ஆய்வாளன் என்ற முறையில் நான் நம்பவில்லை, ஆனால் குறித்துக்கொண்டேன்.

இனி இலக்கணம். தமிழர் காத்திருப்புக்கு ஒரு திணையையே ஒதுக்கியவர்கள். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். போனவன் வருவான் என்று ஆற்றியிருப்பது. அப்டேட்டுக்குக் காத்திருப்பதும் அதுதானே? இதை நான் அன்னாரிடம் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“மாமா, முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. பத்தாவது புக்லயே இருக்கு. ஒன்றரை மார்க்.”

இருநூறு கேள்வி, முந்நூறு மதிப்பெண். ஆகவே முல்லைக்கு ஒன்றரைதான். திணைக் கோட்பாட்டை இவ்வளவு துல்லியமாக விலை போட்ட உரையாசிரியர் முன்னர் இல்லை.

சரி, கருப்பொருளைப் பொருத்திப் பார்ப்போம். தெய்வத்துக்குச் சிக்கலில்லை: பொது இடங்களில் ‘கடவுளே அஜித்தே’ என்று கத்த ஆரம்பித்து, 2024 டிசம்பரில் அவரே வேண்டாமென்று கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போன விஷயம். உணவு டீயும் பன் பட்டர் ஜாமும். பறை, தியேட்டர் வாசல் பேண்டு. நீர், தண்ணி கேன். தொழில் என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்: இந்தத் திணையில் தொழில் தெய்வத்துக்கு மட்டுமே உண்டு.

கலைச்சொற்களும் ஒத்துப்போகின்றன. நோட்டிஃபிகேஷன் வருவது ஃபர்ஸ்ட் லுக். ஆன்சர் கீ டீசர்; பாதி நம்பிக்கை தரும், பாதி வயிற்றைக் கலக்கும். கட்-அவுட்டும் கட்-ஆஃபும்தான் இடிக்கின்றன. முன்னது உயர்ந்தால் பால் ஊற்றுவார்கள், பின்னது உயர்ந்தால் வீட்டில் பால்கூடக் கேட்கத் தோன்றாது.

ஆனால் என் ஆய்வு கண்டுபிடித்த உண்மையான சங்கதி வேறு. சொந்தக்காரர்கள் நடுவே போனால் அன்னார் ரசிகர் அல்ல. அவரே ‘வலிமை’. பூஜை போட்டாயிற்று, ஆண்டுகள் ஆயிற்று, வெளியீட்டுத் தேதி இல்லை. சித்தியும் சித்தப்பாவும் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரும் எல்லைக்கோட்டில் நின்று அப்டேட் கேட்கிறார்கள். மொயீன் அலிக்காவது ஓவர் முடிந்தால் வேறு பக்கம் போக வழி இருந்தது.

இங்கே தேர்வாணையத்தின் ஒரு நல்ல ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். விடைத்தாளில் ஏ, பி, சி, டி தவிர ‘ஈ’ என்று ஐந்தாவது வட்டம் உண்டு. விடை தெரியவில்லை என்றால் சும்மா விடக்கூடாது. அந்த வட்டத்தைக் கறுப்பு மையால் நிரப்ப வேண்டும். தெரியவில்லை என்பதையும் ஒரு விடையாக ஏற்கும் நாகரிகம் நம் ஊரில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கல்யாண வீடுகளில் ‘ஈ’ கிடையாது.

2023 தை முகூர்த்தம் ஒன்றில் இதைச் சோதிக்க வாய்த்தது. ஜனவரி 11 நள்ளிரவு ஒரு மணிக் காட்சியில் ‘துணிவு’ பார்த்த களை அன்னார் முகத்தில் இன்னும் மிச்சமிருந்தது. ரிசல்ட் வரவில்லை. தாலி கட்டும் நேரம், கெட்டிமேளம் ஆரம்பித்துவிட்டது. முன்வரிசையிலிருந்து பெரியப்பா திரும்பி, நாதஸ்வரத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டார்.

“என்னப்பா, வேலை என்னாச்சு?”

அன்னார் நிதானமாகச் சொன்னார். “ஈ, பெரியப்பா.”

தவில் பாதியை விழுங்கிவிட்டது.

“ஈ.பி.யா? அடடே! சொல்லவே இல்லையே!” பெரியப்பா எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். கையிலிருந்த அட்சதை முழுவதும் மணமக்களுக்குப் பதில் அன்னார் தலையில் விழுந்தது.

பந்தியில் இலை போடுவதற்குள் இரண்டு பேர் வந்து எந்த செக்‌ஷன் என்று கேட்டுவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் தன் வீட்டு மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பற்றிப் பேசினார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சாம்பாரைப் பார்த்தேன்.