டிஸ்க் சார்

டிஸ்க் சார் பிரேக்கை ஒற்றை விரலால்தான் பிடிப்பார். ஆள்காட்டி விரல் மட்டும். "இதுக்கு மேல ஒரு விரல் வெச்சாலும் பிரேக்குக்கு அவமானம் சார்" என்பார். காய்கறிக் கடையில் தக்காளியை அமுக்கிப் பார்ப்பதும் இப்போதெல்லாம் அந்த விரலால்தான்.

அவரைத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் குடியிருப்பிலும் ஒருவர் இருப்பார். டாக்டர் "சுகர் எட்டிப் பார்க்குது" என்று சொன்ன மறுவாரமே சைக்கிள் வாங்கியவர். எங்களுடையவர் திருவான்மியூர்க்காரர். ஞாயிறு விடியலில் ஈ.சி.ஆர். வழியாக முட்டுக்காடு வரை மிதித்து, இளநீர் குடித்துவிட்டுத் திரும்புகிற கூட்டத்தில் ஒருவர். அந்த வழியில் இறக்கம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. முட்டுக்காட்டுப் பாலத்தைத் தாண்டினால் அதுதான் அவருக்கு மலை. இருந்தாலும் முன்னாலும் பின்னாலும் ஹைட்ராலிக் டிஸ்க், 160 மில்லிமீட்டர். கேட்டால், "கொல்லிமலை போறப்ப தேவைப்படும் சார். எழுபது கொண்டை ஊசி வளைவு!" என்பார். கொல்லிமலைக்கு அவர் இதுவரை காரில்கூடப் போனதில்லை.

டிஸ்க்கோடு அவர் பழகிய விதம் இருக்கிறதே, அது தனிக்கதை. அவரும் கம்பி பிரேக் காலத்து ஆள்தான். அந்த லீவரை நான்கு விரலாலும் இறுக்கினால் கம்பிகள் ஒன்றையொன்று நெம்பி, ரப்பர் கட்டை ரிம்மின் உள்பக்கம் போய் ஒட்டும். ஒட்டினால் ஒட்டும். எதற்கும் இருக்கட்டும் என்று செருப்புக் காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே வரவேண்டும். "முன் பிரேக்கைத் தொட்டே, குப்புற விழுவே" என்று அப்பா, சித்தப்பா, வாடகை சைக்கிள் கடைக்காரர் என்று எல்லாரும் சொல்லி வளர்த்த தலைமுறை. உண்மையில் பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்சக்கரத்துக்குத்தான் போகிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்தான் செய்யும். இதையும் எங்கோ படித்துவிட்டு, புது சைக்கிள் வந்த அன்றே, கார் நிறுத்துமிடத்துச் சரிவில், கம்பி பிரேக்குக்கு என்ன பலம் கொடுப்பாரோ அதே பலத்தோடு இரண்டு லீவரையும் பிடித்தார். சைக்கிள் நின்றுவிட்டது. அவர்தான் நிற்கவில்லை. செம்பருத்திச் செடிக்குள்ளிருந்து தூக்கினோம்.

அடி பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டே நாளில் பிரேக் பேடைப் பழக்கக் கிளம்பிவிட்டார். புது டிஸ்க் எடுத்த எடுப்பில் சரியாகப் பிடிக்காது. பேடில் உள்ள சரக்கு மெல்லிய படலமாக டிஸ்க் மேல் ஏற வேண்டும். அதற்கு வேகமெடுத்து, நடை வேகத்துக்குக் குறைத்து, முழுசாக நின்றுவிடாமல் மறுபடி வேகமெடுத்து, இப்படி இருபது முப்பது தடவை. முன்னுக்குத் தனியாக, பின்னுக்குத் தனியாக. சாயங்காலம் முழுக்க எங்கள் தெருவில் இந்தக் கோலாகலம். கோடி வீட்டு மாமி அவர் மனைவியைக் கூப்பிட்டு, "என்னடிம்மா, உங்காத்துக்காரர் எதையாவது தொலைச்சுட்டாரா?" என்று விசாரித்தார். எனக்கு அன்றைக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. ஐம்பதைத் தொடுகிற ஆள், நாற்பது வருஷப் பழக்கத்தை விரல் விரலாக விட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே விரலால் மெத்தென்று நின்று, திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம்.

ஒரு வாரத்தில் 'டிங்' ஆரம்பித்தது. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, காதை அதன் பக்கம் சாய்த்து, கையை உயர்த்தி நம்மை அமைதியாக்கி, "கேக்குதா சார்?" என்றார்.

கேட்கவில்லை. பக்கத்தில் தண்ணீர் லாரி நிற்கிறது, மேலே யாரோ சுவரில் துளை போடுகிறார்கள்.

"நல்லா கேளுங்க. டிங்… டிங்… டிங்… சுத்துக்கு ஒண்ணு."

விஷயம் இதுதான். டிஸ்க்கின் தடிமன் 1.8 மில்லிமீட்டர். அதன் இருபுறமும் பேடுகள். நடுவில் விட்டிருக்கும் சந்து மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு. டிஸ்க் எங்காவது துளி கோணியிருந்தாலும் சுற்றுக்கு ஒரு முறை பேடை உரசிப் போகும். ஓட்டும்போது காற்றிலும் ஹாரனிலும் அது காதில் விழாது; சைக்கிளுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு முறை காதில் விழுந்துவிட்டால் போச்சு, அப்புறம் அவருக்கு வேறெதுவும் கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்கு நான் எல்லா விதமாகவும் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "கேக்கலையே" என்றால் மறுபடி சுற்றுவார், இன்னும் வேகமாக. "கேக்குது" என்றால் பையிலிருந்து ஆலன் கீ வெளியே வரும். சீட்டைத் தூக்கிப் பிடிக்க ஆள் நாம்தான். "லேசா கேக்குதோ?" என்று மழுப்பினால் அதைவிட மோசம்: "முன்னாடியா, பின்னாடியா?" என்று அடுத்த கேள்வி பிறக்கும். பிறகு பேடுகளைத் தாங்குகிற கேலிபரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரை அமுக்கிப் பிடித்தபடி மறுபடி முடுக்குவார். அப்புறம் மண்டியிட்டு, கேலிபருக்குப் பின்னால் வெள்ளைத்தாளை வைத்து, செல்போன் டார்ச்சை அடித்து, இரண்டு பக்கமும் வெளிச்சம் சமமாகத் தெரிகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். தெரியும். எழுந்து சுற்றுவார். டிங். இந்த முறை எதிர்ப்பக்கத்தில்.

ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸாப்பில் குரல் பதிவு வரும். பாதியில் அவர் மனைவி "படுக்க வர்றீங்களா இல்லையா?" என்று கேட்பது தெளிவாக விழும். டிங்தான் விழாது.

தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் போகச் சொன்னேன். "அவர் கையில எண்ணெய் இருக்கும் சார்" என்றார், கையில் தொற்று இருக்கும் என்பது போன்ற குரலில். டிஸ்க்கை விரலால் தொடக் கூடாதாம். அதில் நியாயம் உண்டு: கொழுப்போ எண்ணெயோ பட்டால் பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும்; பிடிமானம் போய் ஊரைக் கூட்டுகிற கிரீச்சல் வரும். ஆனால் அதற்காக முறுக்கு தின்கிற குழந்தைகளைக் கண்டதும் சைக்கிளின் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டுமா? சைக்கிள் பந்தயம் பார்த்து வளர்ந்தவர் மாதிரி 2016-ஆம் வருஷத்துப் பாரிஸ்–ரூபே பந்தயத்தை வேறு இழுப்பார். அதில் ஸ்பெயின் வீரர் பிரான் வென்டோசோவுக்குக் காலில் ஆழமான காயம். டிஸ்க்தான் கிழித்தது என்று அவர் சொன்னதும், பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை அனுமதித்துப் பார்த்துக்கொண்டிருந்த சோதனையையே நிறுத்தி வைத்தார்கள். ரோடு பந்தயங்களில் முழு அனுமதி வந்தது 2018-இல்தான். "உலகமே பயந்த பொருள் சார் இது" என்று முடிப்பார். குழந்தை அதற்குள் இரண்டாவது முறுக்குக்குப் போயிருக்கும்.

இவ்வளவு காபந்துக்கும் நடுவில்தான் அது நடந்தது. எங்கள் வாட்ச்மேன் பெரியவர், நல்ல மனுஷர், ஒரு நாள் காலையில் அவருக்காகச் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

"தினம் கேக்குதா கேக்குதான்னு கேப்பீங்களே சார், நேத்து ராத்திரி எனக்கே கேட்டுச்சு. அதான் தையல் மெஷின் எண்ணெய் கொஞ்சம் விட்டுட்டேன். இப்ப சுத்திப் பாருங்க, சத்தமே இல்ல."

சத்தம் இல்லைதான். பிரேக்கும் இல்லை. டிஸ்க்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடலாம். எண்ணெய் குடித்த பேடைத் தூக்கித்தான் போட வேண்டும். டிஸ்க் சார் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் பெரியவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மாறாக அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, ரெசின் பேடுக்கும் மெட்டல் பேடுக்கும் என்ன வித்தியாசம் என்று ஆரம்பித்தார். மோட்டார் போட ஆளில்லாமல் அன்று காலை மாடித் தொட்டி காலி.

இதுவரைக்கும் சிரித்துவிடலாம். ஈ.சி.ஆரில் அவர் செய்வதைத்தான் சிரித்துக் கழிக்க முடியவில்லை. மழையில் டிஸ்க் நன்றாகப் பிடிக்கும்; ரிம் பிரேக் முதலில் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் பின்னால் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு ரிம் பிரேக்தானே? கை காட்டாமல், குரல் கொடுக்காமல், இளநீர் வண்டியைக் கண்டதும் ஒற்றை விரலால் அதே இடத்தில் நின்றுவிடுகிறார். பின்னால் வருகிற நாங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறுகிறோம்.

அதைவிட, யாராவது சாலையைக் கடந்தால் வேகத்தைக் குறைப்பதே இல்லை. கடைசி நொடியில் பிடித்துக்கொள்ளலாம் என்கிற தைரியம். டிஸ்க் நிறுத்துவது சக்கரத்தைத்தான். சைக்கிளை நிறுத்த வேண்டியது டயரும் ரோடும், அந்த ரோட்டோரத்தில் பாதி நாள் கடற்கரை மணல் கிடக்கிறது. கொட்டிவாக்கத்தில் பூக்கூடையோடு கடந்த ஓர் அம்மாளின் புடவைக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டு, "பயப்படாதீங்கம்மா, டிஸ்க்கு!" என்றார். அந்த அம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் திட்டினார். பூக்காரர்கள் திட்டினால் எப்படி இருக்கும் என்று சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்புகிற வழியில் அவரிடம் பக்குவமாகச் சொன்னேன். இத்தனை ஆயிரம் போட்டு வாங்கிய சைக்கிளில் ஸ்டாண்டும் இல்லை, மட்கார்டும் இல்லை, போகட்டும். ஒரு பெல்லையாவது மாட்டித் தொலையுங்கள், நூறு ரூபாய்கூட ஆகாது.

"பெல்லா?" என்று அதிர்ந்தார். "மேடு பள்ளத்துல அது ஆடும் சார். அப்புறம் சத்தம் டிஸ்க்லேர்ந்து வருதா, பெல்லுலேர்ந்து வருதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"