மெழுகு முகம், மர வீடு

கேள்வி: விக்டோரியா மகாராணி சின்ன வயதில் பொம்மைப் பைத்தியமாமே?

பதில்: 132 பொம்மைகள் வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! கென்சிங்டன் அரண்மனையில் மற்ற பிள்ளைகளோடு அதிகம் பழகவிடாமல் வளர்த்த பெண் அவர். துணைக்கு லேசன் என்ற ஆசிரியை. இருவரும் உட்கார்ந்து அத்தனை பொம்மைகளுக்கும் உடை தைத்தார்கள். அதில் 32 விக்டோரியாவின் கைவேலை. நாடக மேடையில் பார்த்த பாடகிகள், நடன மங்கைகள், அரசவைச் சீமாட்டிகள் என்று ஆளுக்கொரு பெயர் வைத்துப் பட்டியலும் எழுதினார். தோழிகள் இல்லாத குழந்தை தோழிகளைத் தைத்துக்கொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

கேள்வி: இளவரசியின் பொம்மை என்றால் தங்கமும் தந்தமுமா?

பதில்: வெறும் மரம். ஆல்ப்ஸ் மலையில் குரோட்னர் பள்ளத்தாக்கு மக்கள் செதுக்கிய மலிவான பொம்மைகள். நம் மரப்பாச்சி போல விறைத்து நிற்காது. மூட்டுகளில் மரமுளை இருப்பதால் கை கால் மடங்கும்.

கேள்வி: அந்தக் காலத்துப் பொம்மைகளுக்கு ஏன் நீலக் கண்?

பதில்: ராணிக்கு நீலக் கண்! லண்டனில் பொம்மைக் கண் செய்யும் தொழிலாளி ஒருவர் ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளரிடம் இதைத்தான் சொன்னார். உள்ளூரில் நீலம்தான் போகும். ஸ்பானிய அமெரிக்க நாடுகளுக்கு அனுப்புவதெல்லாம் கறுப்பு.

கேள்வி: மெழுகுப் பொம்மை உருகிவிடாதா?

பதில்: கணப்பு அருகே விட்டால் முகம் போச்சு. ஆனாலும் பணக்கார வீடுகள் அதைத்தான் கேட்டன. 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் மொன்டனாரி குடும்பத்தின் மெழுகுப் பொம்மைகள் பதக்கம் வாங்கின. சூடான ஊசியால் மெழுகைக் குத்தி, கொஞ்சம் கொஞ்சமாக முடியை நட்டார்கள். அந்தப் பொறுமைக்கு முன்னால் பதக்கம் சின்னதுதான்.

கேள்வி: பொம்மை வீடு குழந்தைகளுக்காகவா வந்தது?

பதில்: இல்லை, பெரியவர்களுக்காக. பவேரியப் பிரபு ஐந்தாம் ஆல்பிரெக்ட் 16ஆம் நூற்றாண்டிலேயே ஒன்று செய்வித்தார். ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற சீமாட்டி தன் பொம்மை வீட்டுக்குக் கொட்டிய செல்வம் கொஞ்சநஞ்சமல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வால்டர்ஸ்ஹவுசன் போன்ற ஊர்கள் குட்டி நாற்காலி, மேசைகளை மொத்தமாகச் செய்து அனுப்பத் தொடங்கியதும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கிட்டியது. அப்போதும் பெரியவர்கள் விடவில்லை. 1860களில் திருமதி பிரையன்ட் என்பவர் தனக்கென்றே ஒன்று வைத்திருந்தார். வீட்டின் பெயரே 'திருமதி பிரையன்டின் இன்பம்'!

கேள்வி: அந்த வீடுகளில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: சமையலறையை. வரவேற்பறையை விட்டுவிடுங்கள், பட்டுத் திரையையும் பியானோவையும் வரைய அன்று ஓவியர்கள் நிறைய இருந்தார்கள். அடுப்படியை வரைய ஆள் குறைவு. பொம்மை வீட்டில் அது அப்படியே இருக்கிறது: கீழ்த்தளத்தில் கரியடுப்பு, செப்புப் பாத்திர வரிசை, தட்டோடு ஒட்டிய சுண்ணாம்பு மீன், ஏப்ரன் கட்டிய சமையற்காரி. வேலைக்காரப் பெண்ணின் படுக்கை உச்சியில், கூரையறையில். பல வீடுகளில் மாடிப்படியே வைக்கவில்லை. கையால் தூக்கி வைக்கும் பொம்மைக்கு எதற்குப் படி? நிஜ வீட்டிலோ கரிக்கூடையும் வெந்நீரும் சுமந்து நாளெல்லாம் படியேறியவள் அந்தப் பெண்தான். பிரிட்டனில் அன்று வீட்டு வேலையில் இருந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். யார் எந்தத் தளத்தில் இருக்க வேண்டும் என்பதை எஜமானி வீட்டுச் சிறுமி விளையாடியே கற்றுக்கொண்டாள். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

கேள்வி: வீடு மட்டும்தானா, கடை கண்ணி கிடையாதா?

பதில்: மளிகைக் கடை, தொப்பிக் கடை எல்லாம் உண்டு. தொடை தொடையாக இறைச்சி தொங்கும் கசாப்புக் கடையும் உண்டு!

கேள்வி: பொம்மை செய்தவர்களைப் பற்றி யாராவது எழுதினார்களா?

பதில்: டிக்கன்ஸ் எழுதினார். 1864-65இல் வந்த 'அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்' நாவலில் ஜென்னி ரென் என்று ஒரு பெண். முதுகு கோணி, கால் ஊனம். தெருவில் சீமாட்டிகளின் உடையைக் கண்ணால் அளந்து வந்து, அதே மாதிரி பொம்மைகளுக்குத் தைப்பாள். கற்பனைப் பாத்திரம்தான், வறுமை கற்பனையல்ல. ஜெர்மனியின் சோனபெர்க் வட்டாரத்தில் குடும்பம் குடும்பமாக, குழந்தைகளும் சேர்ந்து, வீட்டிலேயே பொம்மை செய்தார்கள். செய்த கணக்குக்குத்தான் கூலி. முடிந்த பொம்மை கடல் கடந்து வேறு குழந்தையின் மடிக்குப் போய்விடும்.

கேள்வி: இன்று எங்கே பார்க்கலாம்?

பதில்: லண்டன் பெத்னல் கிரீனில் உள்ள 'யங் வி அண்ட் ஏ' அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1890இல் செய்த மைல்ஸ் வீடு என்ற பொம்மை வீடு அவர்கள் சேகரிப்பில் உள்ளது. அதன் குளியலறையில் வெந்நீர் கெய்சர்கூட உண்டு.