கெரிஸுக்குக் கொடுத்த பரிசம்

பழைய கத்தி ஒன்றுக்கு நியாயமான விலை என்ன என்று சொல்லப் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. என்ன, வாங்குவதற்கு முன்னால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். காசைக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, சுற்றிய செய்தித்தாளைப் பிரித்துவிட வேண்டும். அப்புறம் நிபுணர்கள் நாலா திசையிலிருந்தும் வருவார்கள்.

நான் வாங்கியது கெரிஸ், அலகு வளைந்து நெளிந்து போகிற மலாய், ஜாவா மரபுக் கத்தி. நகர விளையாட்டரங்கத்தை ஒட்டிய லோரோங் குலிட் சந்தையில், 450 வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு. காலையில் அங்கே போனால் ஒற்றைச் செருப்பு, ஓடாத கடிகாரம், யார் வீட்டுச் சுவரிலோ தொங்கிய கல்யாணப் படம், வாழைமரம் அச்சடித்த ஜப்பான்காரன் காலத்து நோட்டு எல்லாம் தரையில் பரப்பிக் கிடக்கும். கெரிஸும் அப்படித்தான் கிடந்தது, ஒரு மிக்ஸி மூடிக்கும் டிவி ரிமோட்டுக்கும் நடுவே. விற்றவர் ஒரு மலாய்ப் பெரியவர். "இனி பாராங் லாமா, அண்ணே," என்றார். பழைய சாமானாம். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியும் பழையதுதான். அதற்கு அவர் விலை சொல்லவில்லை. கெரிஸுக்கு 800 என்றார்.

அதன் பிடி, முதுகைக் கூனிக் கையைக் கட்டிக்கொண்டு ஒடுங்கிய ஓர் ஆளின் வடிவம். ஜாவா டெமாம் என்பார்கள். விலையைக் கேட்டதும் நானும் ஏறக்குறைய அப்படித்தான் நின்றேன்.

கெரிஸ் வாங்குகிறவன் முதலில் வளைவுகளை எண்ண வேண்டும். அவை ஒற்றைப்படையில்தான் வர வேண்டும் என்பது மரபு. நான் எண்ணினேன், எட்டு வந்தது. பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று விரல் வைத்து எண்ணிக் காட்டினார். ஒன்பது. இனி இவனிடம் எதையும் விற்கலாம் என்று அவருக்குத் தெரிந்துபோன நேரம் அது.

அடுத்தது பாமோர். இரும்பையும் நிக்கல் கலந்த உலோகத்தையும் அடுக்கிக் காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடித்து, முடிவில் எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் சேர்த்துக் கழுவினால் இரும்பு கறுத்துப்போகும், நிக்கல் வெளுப்பாக நிற்கும். அலகு முழுக்க ஓடுகிற அந்த வரிக்கோலம்தான் கெரிஸின் முகம். வெறும் தகட்டில் அமிலத்தால் வரிபோட்டு, துருவேற்றி, முப்பாட்டன் சொத்தாக்குகிறவர்களும் உண்டு. மதுரா தீவில், நம் மதுரையில் அல்ல, சுமெனெப் பக்கத்துப் பட்டறைகளில் இன்றும் கெரிஸ் அடிக்கிறார்கள். போன மாதம் அடித்ததும் நல்ல கெரிஸ்தான், அதற்கு முந்நூறு வயது சொல்லாதவரை.

பெரியவர் வயதோடு நிற்கவில்லை. இது வானத்திலிருந்து விழுந்த இரும்பு என்றார். இந்தக் கதைக்கு ஒரு வேர் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஜாவாவில் பிரம்பானான் அருகே கிடைத்த விண்கல்லைச் சூரகர்த்தா அரண்மனைக்குக் கொண்டுபோய், அதன் உலோகத்தைக் கெரிஸ்களில் சேர்த்தார்கள். ஆனால் அந்தக் கல் ஒன்றுதான். இன்று விற்பனைக்கு வருகிற விண்கல் கெரிஸ்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பாதி நிலாவாவது விழுந்திருக்க வேண்டும்.

நான் அசையாததைக் கண்டு ஹங் துவாவைக் கூப்பிட்டார். மலாய் மாவீரன் ஹங் துவாவின் கெரிஸான தாமிங் சாரிக்கு இது தூரத்து உறவாம். பினாங்குக்காரனிடம் ஹங் துவா பேர் சொன்னால் மனசு இளகத்தான் செய்யும். 1956இல் வந்த படத்தில் ஹங் துவாவாக நடித்தவர் எங்கள் ஊர் பி. ரம்லி, இயக்கியவர் வங்காளத்துப் பணி மஜும்தார். ஆக, அதில் நமக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. அந்தப் பங்குக்கு மட்டும் ஐம்பது வெள்ளி ஏற்றிக் கொடுத்தேன். 450இல் முடிந்தது.

காரணமில்லாமல் ஆயுதத்தோடு பொது இடத்தில் திரிவதைத் தடுக்க 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆகவே செய்தித்தாளில் சுற்றி, மேலே ஒரு கட்டு காங்கோங் கீரையை வைத்து எடுத்துவந்தேன். வீட்டுக்காரி முதலில் கீரையைத்தான் கையில் எடுத்தாள். "இதுக்கா ரெண்டு வெள்ளி?" என்றாள். அடுத்த பொருளின் விலையைச் சொல்ல அது உகந்த வேளையாகத் தெரியவில்லை.

மாலையில் மச்சான் வந்தார். நான் வாங்கிய எல்லாவற்றையும் என்னைவிட மலிவாக வாங்கியிருக்கக் கூடியவர் அவர். இதுவரை எதையும் வாங்கியதில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எரநூறுல முடிச்சிருப்பேனே," என்றார். போலியாகக்கூட இருக்கலாம் என்று ஆறுதலும் சொன்னார். நியாயமான சந்தேகம்தான். 1989இல் வந்த ஒரு வெள்ளி நாணயத்தில் கெரிஸ் படம் இருந்தது ஞாபகமிருக்கும். கள்ள நாணயம் பெருகியதும் ஒரு காரணமாக, 2005 டிசம்பரில் அதைச் செல்லாது என்று அறிவித்தார்கள். ஒரு வெள்ளிக் கெரிஸையே போலி செய்த ஊரில் 450 வெள்ளிக் கெரிஸை விட்டுவைப்பார்களா?

வீட்டுக்காரியின் அளவுகோல் தங்கம். லிட்டில் இந்தியா நகைக்கடையில் இன்றைய விலையை எழுதி மாட்டியிருக்கிறான், தராசு வைத்திருக்கிறான், நாளைக்கே திருப்பிக் கொடுத்தாலும் எடைபோட்டுக் காசு தருகிறான். உங்கள் கத்திக்கு எந்தக் கடையில் தராசு இருக்கிறது என்று கேட்டாள். நான் விவரம் தெரிந்தவனாக, "ஜாவாவில் கெரிஸுக்கு விலை என்று சொல்ல மாட்டார்கள், மஸ் காவின் என்பார்கள், பெண்ணுக்குக் கொடுக்கிற பரிசம்," என்றேன். சொல்லியிருக்கத் தேவையில்லை. "பரிசமா? எனக்கு எவ்வளவு குடுத்தீங்க?" என்றாள். மச்சான் சாயாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பேச்சை மாற்ற வேறொரு மரபை எடுத்துவிட்டேன். அலகின் அடியிலிருந்து நுனிவரை கட்டைவிரலை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நுனியில் எது வருகிறதோ அதுதான் வைத்திருக்கிறவனுக்குப் பலன். நம் மனையடி சாஸ்திரம் போலத்தான். நான் அளந்தேன், சுகம் என்று முடிந்தது. அவள் அளந்தாள், அவள் விரல் சின்னது, நஷ்டம் என்று முடிந்தது. ஒரே கத்தி, ஒரே கூரை.

கடைசியில் ஆர்மீனியன் தெருப் பக்கம் ஒரு பழம்பொருள் கடைக்குக் கெரிஸோடு போனேன், கீரையும் கூடவே. விற்கிறீர்களா என்றார் கடைக்காரர். ஆமாம் என்றதும், தலைகீழாகப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, 150 என்றார். அவருடைய கண்ணாடிப் பெட்டிக்குள் என் கெரிஸின் கூடப் பிறந்ததுபோல் ஒன்று இருந்தது. அதே கூனிய பிடி, அதே ஒன்பது வளைவு, வரிக்கோலம் மட்டும் கொஞ்சம் மங்கல். அது எவ்வளவு என்றேன். 1,200.

எனக்கு வேண்டியது அந்த இரண்டு எண்கள்தான். 150க்கும் 1,200க்கும் நடு விலை 675. நான் கொடுத்தது 450. கூடக் கொடுக்கவில்லை, 225 வெள்ளி லாபம். விவகாரம் இத்தோடு தீர்ந்தது என்று வீட்டில் அறிவித்தேன். அவள் கையை நீட்டினாள். "அந்த 225ஐக் குடுங்க, தங்கம் வாங்கிக்கிறேன்."

கொடுத்துவிட்டேன். ஆக, கெரிஸின் அடக்க விலை இப்போது 675, அதாவது சரியான சந்தை விலை. இதைவிட மலிவாக வாங்கிய வாசகர் யாரேனும் இருந்தால், தயவுசெய்து எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் வந்துவிடாதீர்கள்.