மாமனார் நிலத்தில் ஓர் அகழ்வாராய்ச்சி

பூமிக்கடியில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவருவதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஓர் ஊரில், இருபத்தெட்டு வருஷ காலம் கணக்குப் பிரிவில் உத்தியோகம் பார்த்தவன் நான். ஆதலால், பூமிக்கு மேலே, முழங்கால் உயரத்தில், பட்டப்பகலில் நின்றுகொண்டிருந்த பதினோரு முந்திரிக் கட்டைகளை என்னால் கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று என்று எழுதச் சற்று லஜ்ஜையாகத்தான் இருக்கிறது.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ ஒரு வஸ்துவும் மேலே வந்ததும், அது சாமான்யமான மண் அல்லவென்று அவர் விடாப்பிடியாக அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னதும், 1956ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்து மறு வருஷம் மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்ததும் நெய்வேலிக் குழந்தைகளுக்கும் மனப்பாடம். வாளி ஒன்றுக்கு 1,400 லிட்டர் கொள்ளும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணைச் சுரண்டி எடுப்பதைப் பார்த்துவிட்டு வருகிற விருந்தினர், ராத்திரி சாப்பாட்டின்போதுகூட அதிகம் பேசுவதில்லை. கடலூர் மணற்பாறை அந்தச் சக்கரங்களின் பற்களை எப்படித் தேய்த்துவிடும் என்பதைப் பொறியாளர்கள் சுரங்கத்தில் பார்த்திருப்பார்கள். நான் பில்களில் பார்த்திருக்கிறேன்.

இத்தகைய பரம்பரையில் வந்தவனுக்கு, முத்தாண்டிக்குப்பம் பக்கத்தில் மாமனாருக்கு இருந்த இரண்டு ஏக்கர் செம்மண் ஒரு பொருட்டா?

2011 டிசம்பர் 30 அதிகாலையில் வந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் கண்மூடித்தனமாகச் சாய்த்தபோது, அந்த நிலத்தில் அங்கங்கே நின்ற பதினோரு பழைய முந்திரி மரங்களும் முறிந்தன. விழுந்தவற்றை விறகுக்கு அறுத்துக் கொடுத்துவிட்டு, மனம் விட்டுப்போன மாமனார் அதற்குப்பின் அந்தத் திசைக்கே போகவில்லை. இரண்டு வருஷத்து மழையில் ஆவாரையும் நாயுருவியும் உண்ணிச்செடியும் வேலிக்காத்தானும் ஆளுயரப் புல்லும் சேர்ந்து அங்கே ஒரு சிறிய வனத்தை ஸ்தாபித்துவிட்டன. பயிர் வாடினால் தாமும் வாடிய வள்ளலாரின் வடலூர் எங்களுக்கு வெகு சமீபம். களை வாடாததைக் கண்டு வாடியவன் அந்தப் பிராந்தியத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

2014 தை மாதத்தில், பொங்கலுக்கு மறுவாரம், ஸ்லாஷர் பூட்டிய மினி டிராக்டர் ஒன்றை மணிக்கணக்கு வாடகைக்குப் பேசினேன். "மாப்ள, அடிக்கட்டையெல்லாம் அங்கங்க நிக்குது, பாத்துக்குங்க" என்று மாமனார் தொலைபேசியில் சொன்னார். சுரங்க நகரத்துக்காரனுக்கு உபதேசமா என்று எண்ணிக்கொண்டு, "சரிங்க மாமா" என்றேன்.

டிராக்டர் ஓட்டி வந்தது இருபத்திரண்டு பிராயமுள்ள ஒரு பிள்ளை. டிராக்டரின் முதுகிலிருந்து நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுற்றும் ஷாஃப்ட், ஸ்லாஷரின் நடுவிலுள்ள கியர் பெட்டியை முடுக்க, அதனடியில் இரும்புத் தகட்டு மறைவில் தொங்கும் இரண்டு கத்திகள் மின்விசிறியைப் போலப் படுக்கைவாக்கில் சுழலும். புல் அறுபடுவதைவிட அடிபட்டுச் சாவதே அதிகம். இவ்வளவையும் விளக்கிய பிள்ளை, ஷாஃப்ட் சேரும் இடத்தில் சுண்டுவிரல் பருமனாயிருந்த ஒரு போல்ட்டைத் தொட்டுக் காட்டினான்.

"கட்டையோ கல்லோ பட்டா இது உடைஞ்சிடும் சார். உடையறதுக்குன்னே போட்டது."

உடைவதற்கென்றே உத்தியோகத்தில் அமர்த்தப்பட்ட ஓர் உறுப்பை நான் அதுவரை எந்தப் பதிவேட்டிலும் கண்டதில்லை. "கெட்டியான போல்ட்டாகப் போட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"அப்ப கியர் பாக்ஸ் போயிடும் சார். இது இருவது ரூபா."

கணக்குப் பிரிவுக்காரனுக்குப் புரிகிற பாஷையில் பேசத் தெரிந்த பிள்ளை.

முதல் கால் மணி நேரம் ஆனந்தமாகக் கழிந்தது. பச்சைப் புல்லின் வாசனையும் டீசல் வாசனையும் கலந்து வர, நான் வரப்பில் நின்று, பிற்காலத்தில் அங்கே விளையப்போகும் முந்திரிக் கொட்டைகளை மனத்துக்குள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது "டங்" என்று ஒரு சப்தம் கேட்டது. இதில் விபரீதம் என்னவென்றால், போல்ட் உடைந்தாலும் டிராக்டர் நிற்பதில்லை; கம்பீரமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. புல் மட்டும் அதற்கு வழிவிட்டுப் பணிவாகப் படுத்து, அது கடந்து சென்றதும், அலுவலகத்தில் மேலதிகாரி போனபின் நிமிரும் தலைகளைப்போல, ஒவ்வொன்றாக எழுந்து நிற்கிறது.

அது முதல் கட்டை. இரண்டாவதையும் அவனே கண்டுபிடித்தான். "நான் ஒரு சால் ஓட்டிப் பார்க்கிறேன்" என்று ஏறி உட்கார்ந்த நான், முப்பது அடி தூரத்துக்குள் மூன்றாவதை நேருக்கு நேர் சந்தித்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே குனிந்தான். கைவசமிருந்த போல்ட்டுகள் தீர்ந்துவிட்டன. பண்ருட்டி வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போய் ஐந்து போல்ட்டுகள் வாங்கிவந்தேன். நான்கு, ஐந்து, ஆறு ஆகிய கட்டைகள் பிற்பகலில் வெளிப்பட்டன. நடுவே டிராக்டரின் முன்சக்கரத்தில் வேலிக்காத்தான் முள் ஏறிக் காற்றுப் போனதை நான் விஸ்தரிக்க விரும்பவில்லை.

மாலை நாலரை மணிக்கு, நாலு வெள்ளாடுகளோடு ஓர் ஆயா வந்து வேலியோரம் நின்றாள். எங்கள் இருவரையும், தரையில் கிடந்த உடைந்த போல்ட்டுகளையும், நெடுநேரம் பார்த்தாள்.

"என்னா தம்பி தேடுற?"

ஐம்பத்தைந்து வயதில் தம்பி என்று அழைக்கப்படுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. விஷயத்தைச் சொன்னேன்.

"கட்டையா? புயலுக்கப்புறம் ஒரு வருசம் அதுலதானே ஆடு கட்டிக்கிட்டிருந்தேன். பதினொண்ணும் எனக்குத் தெரியுமே."

"காலையிலேயே இந்தப் பக்கம் போனீங்களே ஆயா, சொல்லக்கூடாதா?"

"நீ கேக்கலியே."

கையிலிருந்த தொரட்டுக் கோலால் புல்லை விலக்கிக்கொண்டு, வீட்டுக்குள் விளக்கு ஏற்றப் போகிறவளைப்போல நிதானமாக நடந்து, ஐந்து இடங்களில் ஆவாரங்கொம்பை ஒடித்து நட்டு அடையாளம் செய்துவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். பிள்ளை அந்த ஐந்து கொம்புகளையும் சுற்றி வளைத்து ஓட்டி, மீதி நிலம் முழுவதையும் முக்கால் மணி நேரத்தில் வெட்டி முடித்தான்.

மறுநாள் அலுவலகத்தில் நான் இதைப் பிரஸ்தாபிக்கவில்லை. அடுத்த மழைக்கு முன்பே ஆள் வைத்துப் பதினோரு கட்டைகளையும் பெயர்த்து, அந்தக் குழிகளிலேயே விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ரக ஒட்டுக்கன்றுகளை நட்டேன். ஆயாவின் ஆடுகள் இரண்டைத் தின்றன, ஒன்பது பிழைத்தன. பண்ருட்டியில் வாங்கிய ஐந்து போல்ட்டுகளில் ஒன்று இன்னும் உடையாமல் என் மேஜைமேல் காகிதம் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது. ஸ்லாஷர் வைத்திருப்பவர் எவருக்கேனும் தேவையானால், நெய்வேலி பதினாறாவது வட்டத்துக்கு வந்து தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.